உடல் மறக்காத பாடம்

நினைவுகள் எல்லாம் மூளையின் ஒரே இடத்தில் பதிவதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனிடம் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 1953இல், கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, அவர் மூளையின் இரு பக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரும்பங்கை மருத்துவர்கள் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால், புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை.

உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாட்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. அதை முன்பே செய்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லை!

செய்த ஞாபகம் இல்லாமலே கை கற்றுக்கொள்ளும் இதைத் திறன் நினைவு எனலாம். நீச்சலும் பந்துவீச்சும் இத்தகைய நினைவுகளே. சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களும் அவற்றுக்கு முக்கியம். அதனால்தான், தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்வதில்லை.

உடற்பயிற்சி ஹிப்போகாம்பஸுக்கும் நன்மை தரலாம். அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வாரம் மூன்று நாள் வேக நடை பழகியவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே சுருங்கியது.

ஆனால், குத்துச்சண்டை போன்ற ஆட்டங்களில் தலையில் திரும்பத் திரும்பப் படும் அடி மூளையைச் சிதைக்கக்கூடும். அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால், அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி.