புகையிலை நிலத்தில் ஒரு திருச்சபை

(ஜூபிலி விழாவின் மூன்றாம் நாள் மாலை பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் இளைஞர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "சாமி, இங்கிலீஷ்காரர்கள் கடல் கடந்து போனது வேதத்துக்காகவா, வியாபாரத்துக்காகவா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டபடியால், ஜூபிலி விழாவிலே பதில் சொல்கிறோம் என்று தப்பித்துக்கொண்டோம். இன்று தப்ப வழியில்லை. பிறருடைய குறைகளைப் பேசுவது சுலபம். ஆகவே நம்மவர்களுடைய கதையையே எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்காவில் கத்தோலிக்கப் பிரபு ஒருவர் நிறுவிய மேரிலாந்து என்னும் குடியேற்றத்தின் கதை அது.

அந்நாளில் இங்கிலாந்தில் கத்தோலிக்கராய் இருப்பது எளிதன்று. ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போக மறுத்தால் அபராதம். 1585-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் பட்டம் பெற்ற குரு நாட்டுக்குள் வந்தாலே ராஜத்துரோகம். இந்த நிலையில் முதலாம் ஜேம்ஸ் அரசனின் மந்திரியாயிருந்த ஜார்ஜ் கால்வெர்ட் 1625-ல் தாம் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாய் அறிவித்துப் பதவியை விட்டார். அரசன் அவரைக் கைவிடவில்லை. பால்டிமோர் பிரபு என்ற பட்டம் அளித்தான். அரண்மனையில் இனி உயர முடியாத மனிதருக்குக் கடலுக்கு அப்பால் நிலம் தென்பட்டது. முன்பே நியூபவுண்ட்லாந்தில் குடியேற்றம் வைத்திருந்தார், அங்கிருந்து குளிர் விரட்டிவிட்டது. பிறகு மேரிலாந்தைக் கேட்டார். சாசனம் கையெழுத்தாகுமுன் 1632-ல் இறந்துபோனார். அது அவர் மகன் சிசில் கால்வெர்ட் பெயரில் வந்தது.

மேரிலாந்து என்றவுடன் தேவமாதாவின் பெயர் என்று நம்மில் பலர் மகிழக்கூடும். குருமடத்தில் நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மையில் அது சார்லஸ் அரசனின் மனைவி ஹென்றியேட்டா மரியாவின் பெயர். சாசனத்தில் கேட்ட காணிக்கையோ அற்பம்: ஆண்டுக்கு இரண்டு செவ்விந்திய அம்புகளை ஈஸ்டர் வாரத்தில் வின்சர் கோட்டையில் செலுத்தவேண்டும், பொன் வெள்ளி அகப்பட்டால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு ஈடாக அந்தப் பிரபுவுக்கு ஒரு குட்டி அரசனின் அதிகாரமே கிடைத்தது.

1633 நவம்பரில் 'பேழை', 'புறா' என்று பெயர் கொண்ட இரு கப்பல்கள் புறப்பட்டன. நோவாவின் கதை நினைவுக்கு வரும். ஆனால் உள்ளே இருந்தவர்களைப் பாருங்கள். பணம் போட்ட கனவான்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். உழைக்கப் போனவர்களில் பெரும்பாலோர் புரோட்டஸ்டாண்டுகள். அதனால்தான் கத்தோலிக்கர் தம் வழிபாட்டை இயன்றவரை மறைவாகச் செய்யவேண்டும், மத விஷயத்தில் வாய் திறக்கக்கூடாது என்று சிசில் பிரபு எழுத்திலேயே கட்டளை கொடுத்தனுப்பினார். அவருடைய சகிப்புத்தன்மையில் நல்ல மனமும் இருந்தது, நல்ல கணக்கும் இருந்தது. ஆள் சேராவிட்டால் நிலத்துக்கு மதிப்பேது?

1634 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, போட்டோமாக் ஆற்றின் சிறு தீவொன்றில் சேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் பூசை வைத்தார். கோடரி, மண்வெட்டி, துணி கொடுத்து அங்கிருந்த யாவோகோமிக்கோ மக்களிடம் நிலம் வாங்கினர். ஒயிட் சுவாமியார் பிஸ்காட்டவே மக்களின் மொழியைக் கற்று அதில் ஞானோபதேசம் எழுதினார். 1640-ல் அவர்களுடைய தலைவர் கிட்டமாகுந்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதே சபையின் அன்றிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று உபதேசம் அச்சிட்டதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

இனி புகையிலைக்கு வருவோம். அந்நாட்டில் நாணயம் அரிது. கூலி, வரி, கடன் எல்லாம் புகையிலையில்தான். அந்தச் செடி சில ஆண்டுகளில் மண்ணின் சாரத்தை உறிஞ்சிவிடும். புது நிலம் வேண்டும், அதைத் திருத்தக் கைகள் வேண்டும். எத்தனை பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவருகிறாயோ அந்த அளவுக்கு நிலம் என்பது பிரபுவின் ஏற்பாடு. குருக்களுக்கு அரசு மானியம் கிடையாது, காணிக்கை தரப் பங்கு மக்களும் இல்லை. ஆகவே அவர்களும் ஆட்களைக் கொண்டுவந்து நிலம் பெற்றனர். இந்தியத் தலைவர் ஒருவர் நேரடியாக அவர்களுக்கு நிலம் கொடுத்தபோது, என் அனுமதியின்றி யாரும் நிலம் பெறக்கூடாது என்று கத்தோலிக்கப் பிரபுவே அதைப் பறித்துக்கொண்டார். நிலம் என்று வந்தபோது வேத உறவு உதவவில்லை.

ஆரம்பத்தில் வேலைக்கு வந்தவர்கள் ஒப்பந்த ஊழியர். கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைத்தபின் விடுதலை. அப்போது உடுப்பு, கோடரி, மண்வெட்டி, மூன்று பீப்பாய் சோளம், ஐம்பது ஏக்கர் நிலம். சேசு சபையாருடன் வந்த மத்தியாஸ் தெ சூசா என்னும் ஆப்பிரிக்க வம்சத்தவர் இப்படி விடுதலை பெற்று 1642-ல் சட்டசபையிலும் அமர்ந்தார். அந்தக் கதவு விரைவில் அடைபட்டது.

1645-ல் புரோட்டஸ்டாண்ட் மாலுமி ரிச்சர்ட் இங்கிள் குடியேற்றத்தைச் சூறையாடி, ஒயிட் சுவாமியாரை விலங்கிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினான். நான்கு ஆண்டு கழித்து, 1649-ல், இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கும் எவரையும் வழிபாட்டின்பொருட்டுத் துன்புறுத்தலாகாது என்று மேரிலாந்து சட்டம் செய்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனாலும் திரித்துவத்தை மறுப்பவனுக்கு அதே சட்டத்தில் மரண தண்டனை. யூதருக்கு அதில் இடமில்லை. ஐந்தே ஆண்டில் பியூரிட்டன் கட்சியார் அதிகாரத்தைக் கைப்பற்றி அதை ரத்து செய்தனர். அவர்களுள் பலர், வர்ஜீனியாவில் துன்பப்பட்டபோது இதே மேரிலாந்து அடைக்கலம் கொடுத்தவர்கள்! பிறகு சட்டம் திரும்பியது. 1689 புரட்சிக்குப்பின் மீண்டும் போயிற்று. 1692 முதல் வரிக்குரிய ஒவ்வொரு தலைக்கும், கத்தோலிக்கனாயிருந்தாலும், 40 பவுண்டு புகையிலை ஆங்கிலிக்கன் குருவுக்கு. 1704-ல் செயிண்ட் மேரீஸ் நகரில் நம்முடைய கோயிலைப் பூட்டினார்கள். 1718-ல் கத்தோலிக்கர் வாக்குரிமையையும் இழந்தனர்.

ஜூபிலி மலர்களில் வழக்கமாய் இந்தத் துன்பங்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். ஆனால் இதே ஆண்டுகளில் வேறு சட்டங்களும் பிறந்தன. 1664-ல் நீக்ரோக்கள் ஆயுள் முழுதும் அடிமைகள் என்று விதித்தனர். 1671-ல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைக்கு விடுதலை இல்லை என்று விதித்தனர். ஏன் அப்படி ஒரு சட்டம்? கிறிஸ்தவனாக்கினால் அடிமை கைவிட்டுப் போவான் என்று எஜமானர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தைப் போக்கவே தேவதிரவிய அனுமானத்தின் பலனைச் சட்டம் போட்டு அளந்தார்கள். பூட்டிய கோயிலுக்காக அழுத கத்தோலிக்கக் குடும்பங்களும் இந்த ஏற்பாட்டின்கீழ் அடிமைகளை வைத்திருந்தன. சேசு சபையாரும் தம் புகையிலைத் தோட்டங்களில் வைத்திருந்தனர். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர், திருமணம் நடத்திவைத்தனர், பதிவேட்டில் பெயரும் எழுதினர்.

1776-க்குப்பின் கோயில்கள் திறந்தன; 1789-ல் ஜார்ஜ்டவுன் கல்லூரி தோன்றியது. 1838-ல், கடன் சுமை ஏறிய நேரத்தில், மேரிலாந்து மாகாண அதிபர் தாமஸ் மல்லெடி 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார். கைக்குழந்தைகளும் அவர்களில் உண்டு. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, வேதப்பழக்கத்துக்கு வழி செய்யவேண்டும், பணத்தைக் கடனுக்குச் செலவிடக்கூடாது என்று உரோமையிலிருந்து சபைத்தலைவர் நிபந்தனைகள் விதித்திருந்தார். அவை மீறப்பட்டன, முதல் தவணையிலேயே 17,000 டாலர் கல்லூரிக் கடனுக்குப் போயிற்று. அந்தக் குருக்கள் லேவியராகமம் வாசியாதவர்கள் அல்லர். ஜூபிலி என்ற சொல்லே அங்கிருந்து வந்தது: ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைப்பட்டவனை அவன் குடும்பத்துக்கு அனுப்பும் ஆண்டு. மறு ஆண்டே, 1839-ல், பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதினார்.

ஆகவே தம்பி, உம்முடைய கேள்விக்கு நம்மால் 'அல்லது' போட்டுப் பதில் சொல்ல முடியவில்லை. வேதத்துக்காகவே போனவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அப்பமும் இரசமும் புகையிலையில் வாங்கியவை.

2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில், விற்கப்பட்டவர்களின் சந்ததியார் முன்னிலையில், சேசு சபையின் பெயரால் பேசிய குரு, பூசையில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் பாவசங்கீர்த்தன ஜெபத்தின் சொற்களிலேயே மன்னிப்புக் கேட்டார். அந்தச் சந்ததியாரில் பலர் இன்றும் லூயிசியானாவின் மாரிங்குவின் ஊரில் வாழ்கிறார்கள். 1848-ல் அந்தப் பகுதிக்குச் சென்ற ஒரு சேசு சபைக் குரு, விற்கப்பட்டவர்களுக்கு எட்டும் தூரத்தில் கோயில் இல்லாததைக் கண்டு, ஒரு கோயில் கட்டப் பணம் அனுப்பும்படி மேரிலாந்துக்கு எழுதியிருந்தார். கோயிலும் குருவும் அருகில் இல்லாமலே, அவர்களில் பலர் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்துவந்தனர்.