கசிந்த வாயுவும் காய்கிற வயலும்

(பாலக்கோட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உச்சி வெயிலில் தக்காளி பறிக்கிறவர்களுக்கும், ஆலையில் கொதிகலன் அருகே நிற்கிறவர்களுக்கும் வெப்பம் என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உலகில் வெப்பம் ஏன் ஏறுகிறது என்று கண்டு சொன்னவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர். அவர் பெயர் வீரபத்ரன் ராமநாதன்.

1944ல் சென்னையில் பிறந்தார். தமிழில் படித்துவந்த பையன், 11 வயதில் பெங்களூர் போனதும், இங்கிலீஷில் பாடம் புரியாமல் வகுப்பில் பின்தங்கினான். தானே யோசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அங்கேதான் பிறந்தது. 1965ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இஞ்சினீயர் பட்டம் பெற்றார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்ப்பெட்டித் தொழிலில் வேலை.

என்ன வேலை? குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிகிறது என்று பார்ப்பது!

கசிந்த வாயு எங்கே போகிறது? அங்கே என்ன செய்கிறது? அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்தபோது இதற்கு விடை கண்டார். பூமி வெளிவிடும் சூட்டை அந்த வாயு போர்வைபோல் மறிக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பதினாயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் என்று 1975ல் எழுதினார். அதே வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்று வேறு விஞ்ஞானிகள் 1974ல் காட்டியிருந்தார்கள். 1987ல் மான்ட்ரீல் நகரில் அதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1999ல் பல நாட்டு விஞ்ஞானிகளோடு இந்து மகா சமுத்திரத்தின் மேல் ஆராய்ந்து, கரும்புகையும் தூசும் கலந்த பழுப்பு மேகம் சூரிய ஒளியை மறைப்பதைக் கண்டார். அந்த மேகமும் வெப்ப வாயுக்களும் இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்தன என்று 2006ல் சக ஆராய்ச்சியாளர்களோடு கணக்கிட்டுக் காட்டினார். விறகடுப்புப் புகையில் வேகும் தாய்மார்களுக்கு நல்ல அடுப்பு கிடைக்க வேண்டும் என்று ‘சூரியா’ திட்டத்தையும் நடத்தினார்.

உலகில் சுமார் 300 கோடி ஏழை மக்கள் இந்த வெப்ப வாயுக்களை மிகச் சொற்பமாகவே வெளிவிடுகிறார்கள். கேடு மட்டும் அவர்களுக்கே அதிகம் என்றும் அவர் எடுத்துரைத்தார். நாம் எல்லோரும் அனுபவிக்கும் அநியாயம் அல்லவா இது!

ஆகவே தோழர்களே, பட்டறையில் எழுந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்தவர் உலகத்துக்கே வழிகாட்டினார். நம் கிணற்றில் நீர் எத்தனை அடி இறங்கியது, மழை எந்த மாதம் தவறியது, வெயிலில் எத்தனை பேர் மயங்கினார்கள் என்று நாமும் குறித்து வைப்போம். அந்தக் கணக்கைக் காட்டி நிழலும் குடிநீரும் நண்பகல் ஓய்வும் கேட்போம். கேட்பது பிச்சையல்ல, உரிமை!