புகையும் பகுத்தறிவும்



கொசு விரட்டும் மின்சாரக் கருவியைப் பிரித்து மின்சாரச் சிகரெட்டாக்குவதை வாலிபர் சிலர் பெரிய கெட்டிக்காரத்தனமென்று கருதுகிறார்கள். அது புகையல்ல, வெறும் ஆவிதான் என்று சமாதானமும் சொல்லுகிறார்கள். அந்த ஆவியில் வருவதென்ன? புகையிலையிலுள்ள அதே நிகோடின் விஷந்தான். கொசு மருந்து ஊறிய கருவியானால் அந்த மருந்தும் கூடவே நெஞ்சுக்குள் போகும்.

2003-ல் சீன மருந்தாளர் ஹான் லிக் இதைச் செய்தது சிகரெட்டை ஒழிக்கவே. அதுவே வாலிபர்களைப் புதிதாக அடிமையாக்கியது. தமிழ்நாட்டில் 2018-லும் இந்தியா முழுமைக்கும் 2019-லும் தடை வந்தது. செய்தாலும் விற்றாலும் முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆனால் சட்டத்திற்குப் பயப்படுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. கிரிவலப் பாதையில் காவி கட்டியவன் சிலும்பியில் கஞ்சா இழுத்தால் அதைச் சிவபக்தியென்று கும்பிடுகிறவர்கள், பையன் குழாயை இழுத்தால் மட்டும் கலிகாலம் என்று கத்துவது என்ன நியாயம்? காவித் துணி பட்டால் கஞ்சாவின் விஷம் போய்விடுமா? பெரியவர்கள் மதத்தின் பேரால் அறிவை அடகு வைத்தார்கள். பிள்ளைகள் நாகரிகத்தின் பேரால் வைக்கிறார்கள்.

வாலிபத் தோழர்களே! கருவியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் ஆசையைப் பிரித்துப் பார்க்க மட்டும் ஏன் தெரியக் கூடாது?