நிழலுக்கு வரச் சொன்ன நபி



சென்ற கத்திரி வெயில் நாட்களில், பிரம்மதேசத்தில் லுஹர் தொழுகை முடிந்த பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். தகரக் கூரை, ஒரே ஒரு மேசை விசிறி, அதுவும் முதலாளியின் பக்கம். முந்தைய நாள் பிற்பகலில் மயங்கிச் சாய்ந்துவிட்டாராம். “பொறுமை கொள்ளுங்கள்; நரக நெருப்பு இதைவிடக் கடுமையானது” என்றேன். அவர் தலை குனிந்தபடி, “ஹஜ்ரத், இதை முதலாளியிடமும் சொல்வீர்களா?” என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை.

நரக வெப்பம் பற்றிய அந்த எச்சரிக்கை, வெயிலைச் சாக்குச் சொல்லி தபூக் பயணத்துக்கு வராமல் தங்கிவிட்ட நயவஞ்சகர்களை நோக்கி இறங்கியது. உழைத்து மயங்கியவரின் வாயை அடைக்க நான் அதை எடுத்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை உரையாற்றிக்கொண்டிருக்கையில் ஒருவர் நின்றுகொண்டே இருப்பதைக் கண்டார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர். உட்காருவதில்லை, நிழலுக்கு ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பிருப்பது என்று நேர்ச்சை செய்திருந்தார். பேசவும், நிழலுக்கு வரவும், உட்காரவும், நோன்பை மட்டும் நிறைவு செய்யவும் அவருக்குச் சொல்லும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. தானே விரும்பி வெயிலை ஏற்றவரையே நிழலுக்கு அழைத்த மார்க்கத்தில், பிறரை வெப்பத்தில் உட்கார வைத்துவிட்டுப் பொறுமையை உபதேசிக்க நமக்கு என்ன உரிமை?

வெப்பம் கடுமையானால் லுஹரைத் தணியும் நேரத்துக்குப் பிற்படுத்தச் சொன்னார்கள் நபியவர்கள். கடமையான தொழுகைக்கே இந்தச் சலுகை. பேரேட்டுக்கு இல்லையா?

நம் பகுதி உப்பளத் தொழிலாளர்களைப் பாருங்கள். அவர்களுக்குச் சோறு போடுவதே வெயில்தான். ஆயினும் விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் முடிந்த மட்டும் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கோ உச்சி வெயிலிலும் அதே நாற்காலி. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை; வியர்வை உலர்ந்தால்தானே உடல் குளிரும்? தகரம் குடித்த வெயிலெல்லாம் தலைக்குமேல் இறங்குகிறது. வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மின்விசிறியே உடலை மேலும் சூடாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாயினும் சொல்லியாக வேண்டும். சுத்தமான கழிவறை இல்லாத இடங்களில் வேலை பார்க்கும் நம் சகோதரிகள், போக இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அங்கே தண்ணீர்ப் பானை வைத்தால் மட்டும் போதுமா?

கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமெனத் தமிழக அரசு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டது! 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அது மய்யித்து அடக்கத்துக்குப் பின் வரும் பணம். கூரைக்கு வெள்ளையடிப்பதும், கீற்றுப் பந்தல் போடுவதும், கோடையில் வேலையைக் காலைக்கு மாற்றுவதும் அதற்கு முன் செய்ய வேண்டியவை.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள்; சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிகளாரின் போதனை. முதலாளிகளே! நாளை பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் கணக்கரின் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அந்த இளைஞரின் முதலாளி நம் பள்ளியில் முதல் வரிசையில் தொழுபவர். பள்ளிச் செலவுக்குக் கணக்கின்றிக் கொடுப்பவர். இத்தனை நாள் நான் வாய் திறவாததற்குக் காரணமும் அதுவே. இன்று ஜும்ஆ முடிந்ததும் அவரைச் சந்திக்கப் போகிறேன். எனக்காக துஆ செய்யுங்கள்.