கணினிக்குப் பெயரிடல்

பெயரின் அருமையைப் பாடசாலை அதிபர் நன்கறிவார். ஒரே வகுப்பிற் கிருஷ்ணன் என்னும் பெயருடையோர் மூவர் இருப்பின், தந்தை பெயரின் முதலெழுத்தன்றோ வரவு இடாப்பைக் காக்கின்றது? கணினிகளின் உலகத்திலும் நிலை இதுவே.

அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் சில நூறு கணினிகளே இருந்த காலத்தில், அவற்றின் பெயர்கள் யாவும் ஒரே பட்டியலில் அடங்கின. ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். கணினிகள் பெருகவே பட்டியல் போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டிலே போல் மொக்கபெற்றிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். கடித உறையிலே ஆளின் பெயரை முன்னும் ஊரையும் நாட்டையும் பின்னும் எழுதுகின்றோம் அல்லவா? அவ்வாறே கணினியின் பெயர் முதலிலும், நிறுவனத்தின் பெயர் அடுத்தும், நாட்டின் குறியீடு ஈற்றிலும் அமைகின்றன. நம் நாட்டுக்குரிய ‘எல்கே’ என்னும் குறியீட்டுடன், தமிழெழுத்தில் ‘இலங்கை’ என்பதும் 2010இல் வழங்கப்பெற்றது.

இந்நாளிலே நூறு சேவையகங்களை ஒருவர் கையால் ஒவ்வொன்றாக அமைப்பதில்லை. மூலப்படி ஒன்றைப் பலவாகப் பிரதிசெய்து, ‘கிளவுட்-இனிற்’ போன்ற மென்பொருளுக்குக் கட்டளைக் கோப்பு ஒன்றைக் கொடுக்கின்றனர். கணினி முதன்முறை இயங்கும்போது அக்கோப்பைப் படித்துத் தன் குறும்பெயரையும் ஆள்களத்துடன் கூடிய முழுப்பெயரையும் ஏற்றுக்கொள்கின்றது. ஆயின், ‘உள்ள பெயரை மாற்றற்க’ என்னும் விதி மூலப்படியில் இடம்பெற்றிருப்பின், கோப்பில் எழுதிய புதுப்பெயர் ஏறுவதில்லை.

இதனை நாம் அறிந்தது இழப்பினாலேயே. பழைய மாணவர் ஒருவர் எமது பாடசாலைக்கு ஆறு கணினிகளை இம்முறையில் அமைத்துத் தந்தார். ஆறு பெயர்களையும் அவர் செவ்வனே எழுதியிருந்தார். ஆயினும் மேற்சொன்ன விதி மூலப்படியில் இருந்தமையால், ஆறும் ஒரே பெயரைத் தாங்கின. தவணைப் பரீட்சைப் புள்ளிகளின் காப்புப் பிரதிகள் இரவுதோறும் பொதுக் களஞ்சியமொன்றிலே கணினியின் பெயரால் சேமிக்கப்பட்டன. ஒரு கிழமையின் பின் ஒரு கணினியின் வட்டுப் பழுதடைந்தது. அதன் பிரதியைத் தேடினோம். அப்பெயரில் இருந்தவையோ வேறொரு வகுப்பின் புள்ளிகள்! விடைத்தாள்களைப் பிள்ளைகளிடமிருந்து மீளப் பெற்றுப் புள்ளிகளைத் திரும்பப் பதிந்தோம். தாளைத் தொலைத்துவிட்ட சிறுவன் ஒருவன் என்முன் கலங்கி நின்றான். குற்றம் அவனுடையதன்று, பெயர் ஏறியதா என்று பாராத எம்முடையது.

ஆகவே, இப்பணியில் ஈடுபடும் இளைஞர்க்குச் சில சொல்வேன். பெயரில் ஆங்கில எழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றையே வழங்குக. இணைகோடு முதலிலோ ஈற்றிலோ வரலாகாது, அடிக்கோடு ஆகாது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். ஆளின் பெயரை இடாது, செய்யும் பணியையும் வரிசை எண்ணையும் இடுக. ஆள் மாறினும் பணி நிலைக்கும். கணினியிலும், அதன் உள்ளகப் பெயர்க்கோப்பிலும், ஆள்களப் பதிவிலும் பெயர் ஒன்றாயிருத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, அமைத்து முடிந்ததும் ஒவ்வொரு கணினியையும் அதன் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

காலையிலே இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியர் செய்வதும் அதுதானே.