கடல் தண்ணீருக்குப் பட்டா கிடையாது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொத்து வரி, மழைநீர் வடிகால், லிஃப்ட் பராமரிப்பு என்று பேசும் இடத்தில் இறால் பண்ணையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் நாகை, வேதாரண்யம், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் பலர். ஊரில் பெற்றோர் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் உப்புப் பூத்த நிலம் சும்மா கிடக்கிறது. இறால் குட்டை வெட்டக் குத்தகைக்குத் தருவீர்களா என்று ஆள் வருகிறார்கள். வேறு சிலரிடம், "ஓய்வுபெற்ற பணத்தை வங்கியில் போட்டு என்ன சார் கிடைக்கிறது? கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறோம், பாசி வளர்க்கிறோம், நீங்கள் ஸ்லீப்பிங் பார்ட்னராக இருந்தால் போதும்" என்கிறார்கள். சென்ற ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். செயலாளர்தான், "தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

கேட்ட மூவரின் கேள்வியும் ஒன்றுதான்: "எவ்வளவு வரும்?" நான் வங்கியில் எழுத்தராக இருந்தவன். கடன் மனு ஒன்று மேசைக்கு வந்தால் வருமானக் கணக்கு கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். முதலில் பார்ப்பது, இந்தத் தொழிலை இந்த இடத்தில் செய்ய அனுமதி இருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால் கடைசிப் பக்கத்தைப் புரட்டவே வேண்டியதில்லை.

அனுமதி எதற்கு என்பது நமக்குச் சுலபமாகப் புரியும். நம் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டுக்காரர் அங்கே தொட்டி வைத்துச் செடி வளர்க்க விரும்பினால் சங்கத்துக்கு எழுதிக் கேட்கிறார். நாம் என்ன கேட்கிறோம்? எந்த மூலையில் வைப்பீர்கள், தண்ணீர் யார் வீட்டுக் கூரைக்குள் இறங்கும், துணி காயப்போடுகிறவர்கள் எங்கே போவார்கள், எத்தனை நாளைக்கு? கடலோரத் தண்ணீரில் எதையாவது வளர்க்கக் கேட்கும் விண்ணப்பமும் இதே நான்கு கேள்விகள்தான். மாடியை யாருக்கும் கிரயம் செய்ய முடியாதது போல, கடல் தண்ணீருக்கும் பட்டா கிடையாது. கிடைப்பது குறிப்பிட்ட காலத்துக்கு, நிபந்தனைகளோடு கூடிய பயன்பாட்டு அனுமதி மட்டுமே.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. நாம் சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதே ஆண்டுகளில்தான் நம் கிழக்குக் கடற்கரையில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. குடிநீர்க் கிணறுகள் உப்பாகின்றன, நெல் வயல்கள் கெடுகின்றன, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங், நீதிபதி சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் வளர்ப்புத் தொழில் கூடாது, பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் இடம் உண்டு, சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டையும் வலியுறுத்தியது.

பின்னர் நாடாளுமன்றம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. பண்ணை எதுவானாலும் இந்த ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. கூண்டில் மீன் வளர்ப்பு, கடல் பாசி, சிப்பி வளர்ப்பு போன்றவையும் இப்போது அதற்குள் வருகின்றன. பதிவில்லாமல் நடத்தினால் சிறை என்று முன்பு இருந்தது. இப்போது அபராதம், தொழிலை நிறுத்துதல், கட்டுமானத்தை இடித்தல், வளர்ந்து நிற்கும் சரக்கை அழித்தல் என்று மாறியிருக்கிறது. சிறை போய்விட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். முதல் போட்டவருக்கு இரண்டாவதுதான் வலிக்கும்.

விதிகளைச் சொல்வதற்கு முன், ஒரு பண்ணையில் தண்ணீர் எப்படிப் போய் வருகிறது என்று பார்த்துவிடுவோம். கரையோரக் குட்டைகள் பெரும்பாலும் ஒரு கழியிலிருந்தோ உப்பாற்றிலிருந்தோ தண்ணீரை இறைக்கின்றன. தீவனத்தின் மிச்சம், இறாலின் கழிவு, போட்ட மருந்து எல்லாம் கலந்த தண்ணீரை அறுவடையின்போது அதே கழியில்தான் திறந்துவிடுகிறார்கள். அடுத்த பண்ணைக்காரர் அதே கழியிலிருந்து இறைக்கிறார். கோடையில் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் கடலுக்கும் போகாது. ஒரு குட்டையில் நோய் வந்தால் வரிசையாக எல்லாக் குட்டைக்கும் போய்விடும். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இந்தக் கடற்கரையில் பண்ணைகள் அடுத்தடுத்து விழுந்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே பக்கத்துப் பண்ணைக்கு எவ்வளவு தூரம், கழிவுநீர் எங்கே போகிறது என்று விண்ணப்பத்தில் கேட்பது பண்ணைக்காரரின் முதலைக் காக்கவும்தான்.

இனி, நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை.

முதலில், இடம். கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது. சதுப்புநிலக் காடு, பவளப்பாறை, கடற்புல் பரப்பு, ஆமை முட்டையிடும் கரை, தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாம் உயிர்ச்சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகள். அங்கே பண்ணைக்கு இடமில்லை. 2023 திருத்தத்தில் பொரிப்பகங்களுக்கும், கூண்டு, தெப்பம், பாசி வளர்ப்புக்கும் சில விலக்குகள் வந்திருக்கின்றன. அந்த விலக்கைக் காட்டி இறால் குட்டைக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் சர்வே எண் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்த்துவிடலாம். ஒரு ரூபாய் முன்பணம் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, நிலத்தின் வகை. ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் விளைநிலத்தையும், உப்பளத்தையும், கிராமப் பொது உபயோக நிலத்தையும் பண்ணையாக மாற்றக் கூடாது என்கின்றன. பட்டா உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது, பக்கத்தில் இருப்பது புறம்போக்கா, வாய்க்காலா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, அக்கம்பக்கம். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 500 பேருக்குக் குறைவான ஊரென்றால் 100 மீட்டர், அதற்கு மேற்பட்ட ஊரென்றால் 300 மீட்டர் இடைவெளி. மீனவர்கள் கரைக்குப் போகும் பாதையை அடைக்கக் கூடாது.

நான்காவது, கழிவுநீர். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குச் சுத்திகரிப்புக் குட்டை கட்டாயம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய பண்ணையைப் பல பெயர்களில் சிறு சிறு துண்டாகக் காட்டினால் அந்தக் கட்டாயத்திலிருந்து நழுவிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் இரண்டு ஏக்கரைச் சுற்றி இன்னும் யார் யாருடைய நிலத்தை அவரே கேட்டிருக்கிறார் என்று ஊரில் விசாரியுங்கள்.

விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் நடப்பு விதிகளும் படிவமும் கட்டணமும் தெரிந்துவிடும். 2023க்குப் பிறகு விதிகள் புதுப்பிக்கப்பட்டிருப்பதால் பழைய நகலை யாராவது நீட்டினால் ஒப்பிட்டுப் பாருங்கள். குத்தகைப் பத்திரத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். பதிவுச் சான்று கிடைத்த பிறகே மண் வெட்ட வேண்டும். பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் குத்தகையும் அன்றே முடியும். காலம் முடியும்போது குட்டையை மூடி நிலத்தைச் சமன்செய்து தர வேண்டும். பதிவு 5 ஆண்டு, குத்தகை 15 ஆண்டு என்று எழுதினால் மீதிப் பத்து ஆண்டுக்கு யார் பொறுப்பு? உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் பழையபடி ஒரு பயிர் எடுப்பது சாமானிய வேலை இல்லை.

அடுத்தது கடலுக்குள்ளேயே செய்யும் வளர்ப்பு. இதற்கு மண்டபம் பக்கத்துப் பாசியைவிட நல்ல உதாரணம் கிடையாது. கப்பாஃபைகஸ் என்ற பாசி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்க உதவும் கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், கயிற்றில் கட்டிய பாசித் துண்டுகள், சுமார் 45 நாளில் அறுவடை. பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வங்கிக் கடன் வாங்கித் தெப்பம் கட்டினார்கள். முன்பு தீவுகளுக்குப் போய் இயற்கைப் பாசி எடுத்த பெண்கள் பலருக்கு, அங்கே தடை இறுகிய பிறகு இதுதான் பிழைப்பானது.

ஆனால் அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த பாசி பவளப்பாறையில் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கவலையில், 2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இந்தப் பாசியை வளர்க்கலாம் என்றது. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கயிற்றிலிருந்து அறுந்த ஒரு துண்டு மிதந்து போய் ஒட்டிக்கொண்டாலே போதும். உயிருள்ள பவளத்தைப் போர்வை போல் மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும்.

இதில் யாருக்கு எதிராகவும் நான் பேசவில்லை. தெப்பம் கட்டும் பெண்ணுக்கு வருமானம் வேண்டும். பவளம் செத்தால் மீன் குறையும், அதே பெண்ணின் வீட்டுக்காரர் வலையும் காலியாக வரும். இரண்டும் ஒரே வீட்டு நஷ்டம். எந்தத் தண்ணீரில், எந்த வகைப் பாசி, எத்தனை தெப்பம் என்று அனுமதியில் எல்லை போடுவது இதற்காகத்தான்.

2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிச் சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கடற்பசு மேய்வது கடற்புல்லை, கடற்புல்லுக்கு வேண்டியது வெயில். மேலே தெப்பம் வரிசையாக மிதந்தால் அடியில் நிழல். ஆகவே "கடலில் போடுகிறோம்" என்று சொல்பவரிடம் எந்தக் கடலில் என்று கேளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கின் நன்மைக்காக அன்றி அதன் வாழிடத்தைத் தொடவே வழியில்லை. அங்கே லாபத் தொழிலுக்கு அனுமதி "வந்துவிடும்" என்று சொல்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளியே என்றால், ஆணையத்தின் பதிவு எண்ணையும், இடத்தைக் குறித்த வரைபடத்தையும், உள்ளூர் மீனவர்களோடு பேசி ஒப்புக்கொண்ட விவரத்தையும் கேளுங்கள். "மனு போட்டிருக்கிறோம்" என்பது அனுமதி ஆகாது. வங்கியில் மனு எண்ணைக் காட்டினால் காசாளர் பணம் தருவாரா?

மறுபக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க் கிணறு உப்பாகிறது, பக்கத்துப் பண்ணை காரணம் என்று சந்தேகம் என்றால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் பண்ணையின் பதிவு விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். இரண்டையும் இணைத்து ஆட்சியருக்கு மனு கொடுங்கள். கூச்சலைவிடக் காகிதம் தூரம் போகும்.

ஊரில் இருக்கும் நிலம் நம்முடையதுதான். அதில் வெட்டும் குட்டைக்கு வரும் தண்ணீரும், அதிலிருந்து போகும் தண்ணீரும் நம்முடையவை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். குத்தகைப் பத்திரமோ பங்குதாரர் ஒப்பந்தமோ கைக்கு வந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு நகலோடு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.