ஆறடி நிலமும் ஒரு ரயில் நிலையமும்



காலையிலிருந்து கவனிக்கிறேன். நம்ம ஆளுங்க சந்தித்ததும் கேட்கிற கேள்வி, "ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" பாதிப் பேருடைய பதில், "ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிட்டு நிம்மதியா இருந்திடலாம்னு பாக்கறேன்." நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அதனால்தான் டால்ஸ்டாய் ஞாபகம் வருகிறது.

1886-இல் அவர் ஒரு கதை எழுதினார். பாகோம் என்றொரு குடியானவன். ஆயிரம் ரூபிள் கொடுத்தால், ஒரு பகலில் நடந்து சுற்றி வருகிற நிலம் முழுக்க அவனுக்கே. சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், கடைசியில் ஓடி வந்து விழுந்து சாகிறான். புதைக்க ஆறடி போதுமாயிருந்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த பாகோம் வேறு யாருமல்ல, டால்ஸ்டாயேதான் என்பது என் எண்ணம். 1870-களில் சமாரா புல்வெளியில் அவரே ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கிப் போட்டவர். ஐம்பது வயது வாக்கில், 'சரி, இத்தனை நிலம், முந்நூறு குதிரை, அப்புறம் என்ன?' என்ற கேள்வி வந்து, தூக்குப் போட்டுக்கொண்டு விடுவோமோ என்று பயந்து வீட்டில் கயிற்றையே ஒளித்து வைத்தாராம். அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் எளிய வாழ்க்கைக்குத் திரும்பினார். ஏர் உழுதார், செருப்புத் தைத்தார், புலாலை விட்டார். சொத்தை மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மனசு அடங்கியதா? இல்லை. முன்பு நிலத்துக்காக ஓடிய கால், இப்போது எளிமைக்காக ஓடியது, அவ்வளவுதான்! 1910 நவம்பரில், 82 வயதில், ஒரு விடியற்காலை இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணம். வழியில் காய்ச்சல். அஸ்டாபோவோ என்ற சின்ன ஸ்டேஷனில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் உயிர் பிரிந்தது.

நம் பேச்சாளர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோபியா. பதின்மூன்று பிள்ளை பெற்றவர். 'போரும் அமைதியும்' கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர். கணவர் செருப்புத் தைத்த காலத்தில் குடும்பக் கணக்கைப் பார்த்தவர் அவர்தான். தனி ரயில் பிடித்து அஸ்டாபோவோ வந்தார். உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கணவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் அருகே போக முடிந்தது.

போன வருஷம் என் வீட்டில் கிராமத்து யோசனையைச் சொன்னபோது, "உங்களுக்கு அது எளிய வாழ்க்கை. எனக்கு?" என்று என் மனைவி கேட்டாள். முப்பது வருஷ உத்தியோகத்தில் பதினோரு டிரான்ஸ்பர். ஒவ்வொரு தடவையும் பாத்திரம் பண்டத்தைக் கட்டியது அவள். எனக்குப் பதில் வரவில்லை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் போய் இடத்தைப் பார்க்கிறோம். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், பக்கத்தில் டாக்டர் உண்டா என்று அவள் பார்க்கணுமாம்.